மூன்றுமே மஞ்சளடிக்கிறது

முப்பத்திரண்டு அங்குலம் வேண்டவே வேண்டாம் என்பதில் ராஜகனிக்குச் சந்தேகமே இல்லை. அத்தனை பெரிய திரையை இரண்டடி தூரத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், காலண்டர் மகாலட்சுமியின் கிரீடத்தைப் பார்க்க அண்ணாந்தும் பாதத்தைப் பார்க்கக் குனிந்தும் சாயங்காலத்துக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். இருபத்தேழு போதும். இருபத்தேழில் எது என்பதுதான் கேள்வி, அதையும் முடிவுசெய்யத் தெரியாமல் அவள் சிவகாசியிலிருந்து எட்டு மணி பஸ் பிடித்து மதுரைக்கு வரவில்லை. பைபாஸ் ரோட்டில் இந்தக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போதே, சுவர் முழுக்க எரிந்துகொண்டிருந்த மானிட்டர்களில் முக்கால்வாசியைக் கழித்துக் கட்டியாயிற்று. வளைந்தவை போயின. கேம் ஆடுகிற பிள்ளைகளுக்காகப் பின்பக்கம் கலர் விளக்கு போட்டவை போயின. பளபளவென்று கண்ணாடி ஒட்டியவற்றில் வேண்டுமானால் தலை சீவிக்கொள்ளலாம். இருபத்தாறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை, நிறம் பார்ப்பது. கனகவேல் அண்ணாச்சியின் அச்சகத்தில் காலண்டர் படம் கம்ப்யூட்டரில் ஏறுவதிலிருந்து மிஷினில் முதல் தாள் விழுவது வரைக்கும் ராஜகனி பார்த்துப் பச்சை மையில் ‘ரா’ என்று போட்டால்தான் எதுவும் மேலே நகரும். மற்ற அச்சகங்களில் மாதிரித் தாள் அடித்து வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே அந்த வழக்கமே கிடையாது. “ராஜகனி பாத்துட்டால்ல? பின்ன என்ன, ஓட்டு” என்பார் அண்ணாச்சி. வாடிக்கையாளர்களும் அதைத்தான் கேட்பார்கள், அந்தம்மா பாத்துட்டாங்களா என்று. பார்ப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் பார்ப்பாள். அச்சுப் புள்ளிகளைச் சரிபார்க்கும் குட்டிப் பூதக்கண்ணாடியை வலது கண்ணில் வைத்து வைத்துப் பழகியது. பிறகு பூதக்கண்ணாடி கையில் இல்லாவிட்டாலும் நிறம் என்றால் இடது கண் தானாக மூடிக்கொள்ளும். துப்பாக்கி பிடிக்கிற போலீஸ்காரர் மாதிரியே இருக்கீங்கக்கா என்று அச்சு மிஷின் ஓட்டுகிற காளிராஜ் ஒரு தடவை சொன்னான். காளிராஜ் நினைப்பு இப்போது எதற்கு? மானிட்டரைப் பார்.

கடையில் அவளுக்குப் பொருள் காட்டிக்கொண்டிருந்தவள் நஸ்ரின் என்கிற முப்பது வயதுப் பெண். வாசலில் மேடம் என்று ஆரம்பித்து, மூன்றாவது மானிட்டருக்கு வருவதற்குள் அக்காவுக்கு வந்துவிட்டாள். விற்கத் தெரிந்த பெண், அதைவிட முக்கியம், விற்கிற பொருளைப் பற்றித் தெரிந்த பெண். ராஜகனிக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மேஜைமேல் வரிசையாக மூன்று. முதலாவது அறுபத்திரண்டாயிரம், ஃபோர்கே, மூன்று வருஷ வாரண்டி, நல்ல பிள்ளை மாதிரி இருந்தது, ஆனால் ஓரங்களில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது. இரண்டாவது தொண்ணூற்றெட்டாயிரம், ஓலெட், கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. “சினிமாக்காரங்க எல்லாம் இதைத்தான்க்கா வாங்குறாங்க” என்றாள் நஸ்ரின். சினிமாக்காரர்களுக்குப் படம் ஓடிக்கொண்டே இருக்கும். ராஜகனிக்குத் தினமும் பத்து மணி நேரம் அதே பெட்டிகளும் அதே கோடுகளும் அதே இடத்தில் நிற்கும், இரண்டு வருஷம் போனால் அந்தத் தடம் திரையிலேயே தங்கிவிடும். அதைச் சொன்னதும் நஸ்ரின் சிரித்துவிட்டாள். “விவரமாத்தான்க்கா வந்திருக்கீங்க” என்றாள். ஆக மூன்றாவது. ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரம். மூன்று பக்கமும் கறுப்பு மறைப்பு, வெளிச்சம் மேலே விழாத மங்கல் பூச்சு, மாதம் ஒருமுறை தன் நிறத்தைத் தானே அளந்து திருத்திக்கொள்ள உள்ளேயே ஒரு கருவி, ஐந்து வருஷ வாரண்டி. இதுதான் என்று உள்ளுக்குள் எழுதியே ஆகிவிட்டது. இருந்தாலும் பார்க்காமல் வாங்க முடியாதே. கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்து, தன்னுடைய சோதனைப் படத்தை மூன்றிலும் போடச் சொன்னாள். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை பதினெட்டுப் படி சாம்பல், ஒரு சந்தனக் கிண்ணம், ஒரு குழந்தை முகம், கொஞ்சம் தங்கம். இடது கண்ணை மூடினாள். முதலாவதைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். “மூணுமே மஞ்சளடிக்குது” என்றாள். நஸ்ரினுக்கு விளங்கவில்லை. கணினியில் சொருகிய ஒரு கருவியைத் திரைமேல் தொங்கவிட்டு அளந்து காட்டினாள். “டெல்டா ஈ, அதாவது நிறப் பிசகு, புள்ளி ஆறுதான்க்கா. ஒண்ணுக்குக் கீழ போயிட்டாலே மனுஷக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.” ராஜகனி திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள், “எந்த மனுஷக் கண்ணுக்கு?”

கேட்டுவிட்டாளே தவிர, அந்தப் புள்ளி ஆறு எங்கேயோ உறுத்தியது. லட்ச ரூபாய்ச் சாமான்கள் மூன்று, மூன்று வெவ்வேறு கம்பெனி, மூன்றும் ஒரே மாதிரி மஞ்சளடிக்குமா? கடையில் கரண்டு சரியில்லையோ? மேலே எரிகிற குழல் விளக்குதான் காரணம். ஆமாம், விளக்குதான். சிவகாசிக்கு வந்து அவள் அறையில், சாம்பல் சுவருக்கு முன்னால் வைத்தால் சரியாகிவிடும். சரியாகத்தான் வேண்டும், வருகிற திங்கட்கிழமை நாகர்கோவில் நகைக்கடையின் காலண்டரை மறுபடி அச்சடிக்கிறார்கள். போன மாதம் அடித்த நாற்பதாயிரம் காலண்டர் அப்படியே லாரியில் திரும்பி வந்தது. மகாலட்சுமி கையிலிருந்து கொட்டுகிற தங்கக் காசெல்லாம் ஈயம் பூசினதுபோல வெளிறியிருந்ததாம். “நாங்க கவரிங் விக்கிறோம்னு ஊருக்கெல்லாம் வீடு வீடா ஆணியடிச்சு மாட்டச் சொல்றீங்களா?” என்று கடைக்காரர் போனில் கத்தியது அண்ணாச்சி காதைத் தாண்டி அறைக்கே கேட்டது. இன்னொரு தடவை தவறினால் அந்தக் கடை போகும், கடையோடு ‘ரா’ என்கிற பச்சை எழுத்தும் போகும், அப்புறம் ராஜகனி யார்? அன்றைக்கு அண்ணாச்சியின் மேஜையில் திரும்பி வந்த காலண்டர் ஒன்று விரித்துக் கிடந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் இடது கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ஆமா வெளுத்துத்தான் போச்சு என்றாள். ஈரத்தில் பார்த்தபோது சரியாக இருந்தது, காய்ந்ததும் வெளுத்திருக்கிறது என்றால் மஞ்சள் மையில் எதையோ கலந்து இளக்கியிருக்கிறான் என்றாள். யார் கலந்தது என்று பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, அந்த மிஷினை ஓட்டுவது காளிராஜ் ஒருவன்தான். பன்னிரண்டு வருஷமாக நாலு கலர் மிஷினை ஓட்டுகிறவன் அவன். “நீங்க பச்சை போட்ட தாளும் இதே நிறம்தான்க்கா” என்று ஒரே ஒரு தடவை சொன்னான், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு. மறுநாளே காகிதம் வெட்டுகிற மிஷினுக்கு மாற்றிவிட்டார் அண்ணாச்சி. சம்பளத்தில் கைவைக்கவில்லை, அதனால் என்ன, அவன் தலை கவிழ்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு குடோன் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறான். “ரெண்டு பக்கமும் பாத்துக்கிடுவோம். மானிட்டரும் ஏழு வருஷப் பழசு, ஒன்றரை லட்சம் வரைக்கும் போ, நல்லதா வாங்கு” என்று அண்ணாச்சி அவளை அனுப்பினார். இதெல்லாம் நியாயமாகத்தானே நடந்தது? நடந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர. அண்ணாச்சி மேஜையில் விரித்துக் கிடந்த அந்தக் காலண்டரில் மகாலட்சுமியின் காசு தங்கமாகத்தான் இருந்தது. அவள் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாரும் வெளுத்திருக்கிறது என்றார்கள், அவளும் வெளுத்திருக்கிறது என்றாள். அதை இந்த ஒரு மாதமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏசி குளிரில் நின்றுகொண்டு இப்போது எதற்கு அதையெல்லாம் கிளற வேண்டும்? பில் போடச் சொல்லு, ராஜகனி.

“இந்த மூணாவதைப் போட்டுருவோம்மா” என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு வலது கண்ணில் ஏதோ விழுந்தது. இமை முடியாக இருக்கும். கசக்கினாள். கண்ணீர் வந்தது, முடி வரவில்லை. முந்தானையைச் சுருட்டி வலது கண்ணில் ஒற்றிக்கொண்டே மானிட்டரைப் பார்த்தபோது, சந்தனக் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்த வெள்ளை நிஜமான வெள்ளையாக நின்றது. வெளுத்து உலர்ந்த வேட்டியின் வெள்ளை. அடேயப்பா, என்ன ஒரு மானிட்டர்! முந்தானையை எடுத்துவிட்டு, பழக்கப்படி இடது கண்ணை மூடிப் பார்த்தாள். மஞ்சள். மறுபடி வலது கண்ணை ஒற்றினாள். வெள்ளை. “ஏம்மா, இது தானாவே நிறம் மாத்திக்கிடுதா?” என்று கேட்டாள். அப்படி ஒரு வசதி இருப்பது அவளுக்குத் தெரியும், அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானே நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி. அச்சு வேலைக்கு அதைப்போல ஒரு தொந்தரவு வேறு கிடையாது. “அந்த வசதி இருக்குக்கா, ஆனா கலர் பாக்க வர்றவங்களுக்குக் காட்டும்போது அதை ஆஃப் பண்ணித்தான் வைப்போம். இதோ பாருங்க, ஆஃப்ல இருக்கு.” நஸ்ரின் பட்டியலைத் திறந்து காட்டினாள். ஆஃப் என்றுதான் இருந்தது. ராஜகனி அறுபத்திரண்டாயிரத்துக்கு முன்னால் போய் நின்றாள். வலது கண்ணைப் பொத்தினாள், வெள்ளை. இடது கண்ணைப் பொத்தினாள், மஞ்சள். தொண்ணூற்றெட்டாயிரம். வெள்ளை, மஞ்சள். கடையின் சுவரைப் பார்த்தாள். வெள்ளை, மஞ்சள். கடைசியில் நஸ்ரினின் அடையாள அட்டையைப் பார்த்தாள், அதற்குப் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டு கண்ணிலும் இரண்டு நிறமா? எப்போதிலிருந்து? மூக்குக்கு இந்தப் பக்கம் ஒரு உலகம், அந்தப் பக்கம் டிகாஷன் விட்ட ஓர் உலகம், நடுவில் நின்று நிறம் பார்க்கிற ராஜகனி. “தண்ணி தரட்டுமாக்கா?” என்று நஸ்ரின் கேட்டது காதில் விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுடைய மதினிக்குப் போன வருஷம் கண்புரை எடுத்தார்கள். கட்டு பிரித்து வீட்டுக்கு வந்த அன்று மதினி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, என்னடி இது, சுவரெல்லாம் நீலமா இருக்கு, எப்ப பெயின்ட் அடிச்சீங்க என்று கேட்டாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. ராஜகனிதான் அதிகம் சிரித்தாள், உனக்கு நிறம் பார்க்கத் தெரியாது மதினி என்று வேறு சொன்னாள். சிரித்தவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டாமா, புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்று? மஞ்சளாகத் தெரிந்ததனால்தான் ஒவ்வொரு படத்திலும் மஞ்சளை இறக்கு, இன்னும் இறக்கு என்று இறக்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அந்த மகாலட்சுமிக்கு எட்டு சதவீதம் இறக்கினாள். பயம் வந்தது. ஆனால் பயத்துக்கு ஈடாகப் புத்தியும் ஓடிற்று, அவள் புத்தி எப்போதும் அப்படித்தான், கையைப் பிசைந்துகொண்டு நிற்காது. இதிலென்ன இருக்கிறது? இடது கண் நல்ல கண். திங்கட்கிழமை இடது கண்ணால் பார்த்தால் போயிற்று. ஒரு லட்சத்து நாற்பத்தோராயிரத்தை வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டால், காலண்டர் சரியாக வந்ததும் எல்லாரும் புது மானிட்டரைத்தான் கொண்டாடுவார்கள். பொங்கல் லீவில் திருச்செந்தூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புரையை எடுத்துக்கொள்ளலாம். இருபது நிமிஷ வேலையாம், மதினி சொன்னாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. கணக்கு இம்மி பிசகாமல் சரியாக வந்தது, காளிராஜ் என்ற இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டு நின்றது. அவன் காகிதம் வெட்டிக்கொண்டே இருப்பான். இருக்கட்டுமே, ஒரு வருஷம் போனால் அண்ணாச்சியே மறந்துவிட்டு அவனை மறுபடி மிஷினுக்குக் கூப்பிட்டுக்கொள்வார். கூப்பிடுவாரா? மையில் கலப்படம் செய்தவன் என்று பெயர் எடுத்தவனைச் சிவகாசியில் எந்த அச்சகத்தில் மிஷினில் நிற்கவிடுவார்கள்? ஒருவேளை அவனும் எதையாவது கலந்திருக்கலாம். இரண்டு தப்பும் சேர்ந்தே நடந்திருக்கலாம். நடந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் போனை எடுத்து அவன் பெயரைத் தொட்டாள்.

“சொல்லுங்கக்கா” என்றான். ஒரு மாதமாக அவளோடு பேசாதவன், எடுத்ததும் அக்கா என்றான். பின்னால் வெட்டுகிற மிஷின் தடக் தடக் என்று விழுந்துகொண்டிருந்தது. அந்த மஞ்சள் மையில் நீ ஏதாவது கலந்தாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது வேறு. “காளிராஜ், என் கண்ணுதான்டா. வலது கண்ணு. இப்பத்தான் பாத்தேன், எல்லாம் மஞ்சளாத் தெரியுது. நானாத்தான் மஞ்சளை இறக்கியிருக்கேன்.” தடக் தடக் சத்தம் தூரமாகப் போயிற்று, வெளியே நடந்து வந்திருப்பான். “தெரியும்க்கா” என்றான். “என்னத்தடா தெரியும்?” “போன வருஷம் ஆடியிலருந்தே தெரியும்க்கா. நீங்க பச்சை போட்டுட்டு ரூமுக்குப் போனதும் நான் மஞ்சளை ரெண்டு பாயின்ட் ஏத்தி வச்சுத்தான் ஓட்டுவேன். ஒரு வேலையும் திரும்பி வரலைல்ல? இந்தக் காலண்டருக்குத்தான் பெரிய பார்ட்டின்னு சேரைத் தூக்கிட்டு வந்து கடைசித் தாள் வரைக்கும் பக்கத்துலயே உக்காந்துட்டீங்க. கை வைக்க முடியலை.” ஒன்றேகால் வருஷம். அந்த ஒன்றேகால் வருஷத்தில்தான் ராஜபாளையத்து ஜவுளிக்கடைக்காரர், உங்க கண்ணுக்குக் கோயில் கட்டலாம்மா என்று சொல்லி ஒரு புடவை அனுப்பினார். அந்தப் புடவையைத்தான் இப்போது உடுத்தியிருக்கிறாள். “அண்ணாச்சிகிட்டச் சொல்லிருக்கலாம்லடா. வெட்டுற மிஷினுக்குத் தள்ளினப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?” “அது எப்படிக்கா சொல்வேன்? உங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு நான் போய் அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டா, அப்புறம் நீங்க நாளைக்கு என்ன வேலைக்கு வருவீங்க?” அவன் அதைத் தியாகம் மாதிரியெல்லாம் சொல்லவில்லை, டீ வாங்கிட்டு வரட்டுமாக்கா என்கிற குரலில்தான் சொன்னான். அவளுக்கு முதலில் வந்தது கோபம். யாரடா உன்னை ஏற்றச் சொன்னது, என் பச்சைக்கு மேல் கைவைக்க நீ யார்? அந்தக் கோபம் ஒரு மூச்சு வரைக்கும்கூட நிற்கவில்லை. அப்புறம் அழுகை வந்தது, விலையுயர்ந்த மானிட்டர்கள் நாற்பது எரிகிற கடையின் நடுவில், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வந்தது.

நஸ்ரின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டாள். ராஜகனி முகத்தைத் துடைத்தாள், தண்ணீர் குடித்தாள், “இன்னைக்கு எதுவும் வேண்டாம்மா, கோவிச்சுக்காத. உன் மெஷின் சொன்னதுதான் சரி” என்றாள். குரல் பழைய மாதிரியே கணீரென்று வந்தது அவளுக்கே ஆச்சரியம். நாளைக்கு என்ன வேலைக்கு வருவது என்பது நாளைக்கு. முன்பெல்லாம் ஒரு நிறத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் உடனே மிஷினை நிறுத்து என்று கத்துவாள், ஒரு தாள்கூட அதற்குமேல் விழவிட மாட்டாள். அப்படிக் கத்தினதால்தான் அவளுக்கு இவ்வளவு மரியாதை. அண்ணாச்சியின் எண்ணைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். “என்னம்மா, ஒன்றரைக்கு மேல போகுதோ?” “போகல அண்ணாச்சி. மானிட்டர் வாங்கல. நம்ம பழசே நல்லாத்தான் இருக்கு.” “பின்ன திங்கக்கிழமைக்கு என்ன செய்ய?” “திங்கக்கிழமை முதல் தாள்ல காளிராஜ் கையெழுத்துப் போடட்டும்.” “அவனா? மையில கலந்தவனையா போடச் சொல்ற? உனக்கு என்ன ஆச்சு?” “அவன் ஒண்ணும் கலக்கல அண்ணாச்சி. நீங்க நின்னுக்கிட்டா பேசுறீங்க?” “ஆமா, மிஷின் பக்கத்துல நிக்கிறேன். ஏன்?” ராஜகனி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள், புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள்.

“நீங்க உள்ள போய் உக்காருங்க” என்றாள். “நான் சொல்றேன்.”